அண்ணன் சொன்னதும் வண்டி சொல்வதும்

1997-இல் நான் கிளீனராக ஏறிய முதல் வண்டி ஒரு பத்துச் சக்கர லேலண்ட். டாரஸ் என்பது அந்தக் கம்பெனி ஒரு மாடலுக்கு வைத்த பெயர். ஆனால் நாமக்கல் பக்கத்தில் பத்துச் சக்கரம் வைத்த எந்த லாரியும் டாரஸ்தான், அது டாடாவாகவே இருந்தாலும். வண்டியை ஓட்டியவரை அண்ணன் என்றே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன். அவர் இப்போது ஓட்டுவதில்லை. நான் ஓட்டுகிறேன். 2021-இல் கடன் வாங்கி, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த ஒரு பிஎஸ்-6 வண்டி எடுத்தேன். அவரிடம் கற்ற வித்தையை நம்பித்தான் அதில் ஏறினேன். அந்த வித்தையில் பாதி அப்படியே நின்றது. சிலது செலவு வைத்தது. ஒன்று என் கையையே காவு வாங்கியிருக்கும்.

முதல் நாள் காலை நாலரை மணி. லோடு ஏற்றி, படுதா கட்டி நிறுத்தியிருந்த வண்டி. நான் ஆசையாகக் கேபினில் ஏறிச் சாவியைத் தொட்டேன். கீழிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "இறங்கு கண்ணு. தூங்கறவனை எட்டி உதைச்சு ஓடச் சொன்னா ஓடுவானா?"

டார்ச்சைக் கையில் கொடுத்து வண்டிக்கு அடியில் தரையைப் பார்க்கச் சொன்னார். வண்டியை அல்ல, தரையை. கறுப்பாகச் சொட்டியிருந்தால் ஆயில். வானவில் மாதிரி நிறம் காட்டினால் டீசல். நிறம் எதுவும் இல்லாமல் ஈரமாக மட்டும் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர். ராத்திரி முழுக்க நின்ற வண்டி தனக்கு என்ன வலி என்று தரையில் எழுதி வைத்திருக்கும், காலையில் நாம் அழித்துவிட்டுப் போகிறோம் என்பார். அப்புறம் ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது, ரேடியேட்டர் ஹோஸைக் கையால் பிடித்து உப்பல் இருக்கிறதா என்று தடவுவது, டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை ஒரு பாட்டிலில் வடிப்பது. தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். அது டீசல் பம்ப்புக்கும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கும் போனால் துரு. பாட்டிலில் தெளிவான டீசல் மட்டும் வரும் வரை விட வேண்டும். மழைக்காலத்தில் இது கட்டாயம்.

கடைசியாக டிப் ஸ்டிக். சமமான தரையில், நின்று ஆறிய எஞ்சினில் பார்த்தால்தான் அது உண்மை சொல்லும். உருவி, தோள் துண்டில் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். குறைந்தால்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். மேல் கோட்டைத் தாண்டினாலும் பிரச்சினைதான். சுற்றுகிற கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரை பேரிங்கைக் காப்பாற்றாது. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், எஞ்சினைக் கிளப்பும் செல்ஃபைத் தொடவே கூடாது. அண்ணன் இதோடு விடமாட்டார். குச்சியின் நுனியில் இருக்கும் ஆயிலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். அப்புறம் மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். அது அவருடைய வினோதப் பழக்கம் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் ஆன பிறகுதான் செல்ஃப். பத்து வினாடிக்கு மேல் அடிக்க விடமாட்டார். பிடிக்கவில்லையென்றால் ஒரு நிமிஷமாவது விட்டுத்தான் அடுத்தது. செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும், பேட்டரியும் உட்காரும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதில் என்ன நடக்கிறது என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் சக்தியில் கால் பங்குக்குச் சற்று மேல் வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களோடு ஒப்பிட்டால் அது பெரிய பாய்ச்சல். இன்றைய லாரி எஞ்சின் 40 சதவீதத்தைத் தொடுகிறது. மீதி முழுக்க ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போகிறது. லாரி டிரைவரின் வேலையில் பெரும்பகுதி இந்தச் சூட்டைக் கையாள்வதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எஞ்சின் பிடித்ததும் ஆயில் பிரஷர் முள்ளைப் பார்க்க வேண்டும். சில வினாடிகளில் எழும்பிவிட வேண்டும். எழும்பாவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும், காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அதுவரை ஆக்சிலேட்டரில் கால் வைக்கக் கூடாது. அண்ணன் வண்டி டர்போ வண்டி. டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கும் விசிறி. டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகும். அதைத் தாங்கும் பேரிங்கில் இருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும். பிடித்த கையோடு ரேஸ் பண்ணினால் ஆயில் அங்கே போய்ச் சேரும் முன்பே தண்டு வறண்டு சுற்றும். காலையில் பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பிடித்தவுடனே உறுமவிட்டுப் பெருமைப்படும் டிரைவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் பல் கூசும்.

ஏர் பிரேக் வண்டியில் காத்திருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரேக்குக்கான காற்று டேங்க் நிறைந்து, காற்று போதாது என்று கத்தும் பஸ்ஸர் நிற்கும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது.

இதுவரை சொன்னதில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. பொய்த்தது அடுத்த படி. அண்ணன் எஞ்சினைப் பிடித்துவிட்டு, வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்படி கால் மணி நேரம் ஸ்லோவில் விட்டுவிட்டுக் குளிக்கப் போவார். டீக்கடையில் நிறுத்தினால் அணைக்க மாட்டார். குடோன் வரிசையில் அரை நாள் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி பழசு, அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம் பாதி, ஓடிக்கொண்டே இருப்பதுதான் எஞ்சினுக்கு நல்லது என்ற நம்பிக்கை பாதி. ஆனால் ஸ்லோவில் விட்டால் எஞ்சின் லேசில் சூடேறாது. நிதானமாக நகர்த்தினால்தான் சீக்கிரம் சூடேறும். சும்மா நிற்கும்போது மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போகிறது என்பது வேறு.

சரி, ஓட்டுவதற்கு வருகிறேன்.

நாமக்கல்லில் இருந்து டெல்லி கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர். லோடு வண்டி லிட்டருக்கு நான்கு கொடுத்தால் 600 லிட்டர். நாலரை கொடுத்தால் 533. வித்தியாசம் 67 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் போக மட்டும் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். இந்த அரைக் கிலோமீட்டரை எஞ்சினில் மாயம் செய்து யாரும் தர முடியாது. மூன்று இடத்தில் இருக்கிறது அது. முதலாவது வேகம்: அறுபதில் போகிறவன் எண்பதுக்கு ஏற்றினால் எதிர்க்காற்றின் தடை முக்கால் பங்கு கூடிவிடும். லாரியின் முகமோ சுவர் மாதிரி. இரண்டாவது டயர் காற்று. மூன்றாவது ஆர்பிஎம் மீட்டரில் இருக்கும் பச்சைக் கோடு. பெரும்பாலான ஆறு சிலிண்டர் வண்டிகளில் 1,200-க்கும் 1,600-க்கும் பக்கத்தில் இருக்கும். அங்கேதான் எஞ்சின் குறைந்த டீசலில் நிறைய இழுக்கும். அண்ணன் வண்டியில் அந்த மீட்டர் வேலை செய்யவில்லை. அவர் காதால்தான் ஓட்டினார். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கனத்து, தொண்டையைச் செருமுகிற மாதிரி வரும்போது, திணறுவதற்கு ஒரு நொடி முன்னால் கியரை இறக்குவார். டாப் கியரில் போட்டுத் திணறத் திணற மிதித்தால் மைலேஜ் மிச்சமாகும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. மிச்சமாகாது, எரியாத டீசல்தான் கறுப்புப் புகையாகப் போகும்.

புகை என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய வண்டியில் புகைதான் நாடி. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரைப் பார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். கண்ணாடியில் புகையைப் பார்த்தே அண்ணன் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே செலவைச் சொல்லிவிடுவார். பிஎஸ்-6 வண்டியின் சைலன்சரில் வெள்ளைத் துணியைக் கட்டினாலும் அழுக்காகாது. கறுப்புப் புகை முழுவதையும் உள்ளேயே ஒரு ஃபில்டர் பிடித்துக்கொள்கிறது. அந்த நாடி பார்க்கும் வித்தையில் பெரும்பாதி செத்துவிட்டது.

தொப்பூர்க் கணவாயைச் சொல்லாமல் எங்கள் பக்கத்து லாரிக்காரன் எதையும் எழுதி முடிக்க முடியாது. லைசென்ஸ் எடுத்த புதிது. நாசிக்கிலிருந்து மதுரைக்கு வெங்காய லோடு, வண்டியும் சரக்குமாக 25 டன். தர்மபுரி தாண்டியதும் அண்ணன் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது அது என்ஹெச் 7, இப்போது 44. தர்மபுரியில் இருந்து சேலம் பக்கம் வரும்போது கணவாய் இறக்கம்.

"இங்கேயே கியரை இறக்கு."

"இன்னும் இறக்கமே ஆரம்பிக்கலைங்களே அண்ணா."

"ஆரம்பிச்சப்புறம் இறக்க முடியாது கண்ணு."

அதன் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. லோடு வண்டி இறக்கத்தில் வேகம் பிடித்துவிட்டால், மேல் கியரில் இருந்து எடுத்த லீவர் கீழ்க் கியரில் விழாது. கறகறவென்று பல் அரைக்கும். லீவர் நடுவில் நிற்கும். அதாவது நியூட்ரல். அதற்குப் பிறகு 25 டன்னுக்கும் உனக்கும் நடுவில் இருப்பது பிரேக் லைனர் மட்டும்.

எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய கணக்கு. அதற்கும் ஒரு கியர் குறைத்தே வைக்கச் சொன்னார். எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைப் போட்டதும் சைலன்சர் பக்கம் ஒரு அடைத்த மூச்சுச் சத்தம். புகை போகும் வழியை ஒரு தகடு மறிக்கிறது, எஞ்சின் தன் புகையைத் தானே அழுத்தித் திணறுகிறது, அந்தத் திணறல் சக்கரத்தைப் பிடிக்கிறது. சுற்று அதிகமாக இருந்தால்தான் இது நன்றாகப் பிடிக்கும், கீழ்க் கியர் அதற்காகவும் வேண்டும். ஆனால் முள் சிவப்புக்குப் போகவிடக் கூடாது. மிதித்து ஏறும் சுற்றைப் பம்ப்பில் இருக்கும் கவர்னர் கட்டுப்படுத்தும். இறக்கத்தில் சக்கரம் தள்ளி ஏறும் சுற்றை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அளவு மீறினால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும்.

கால் பிரேக்கை மிதித்தபடியே போனேன். அண்ணன் தொடையில் ஓர் அடி அடித்தார். "தடவாதே. அழுத்தி மிதி, வேகம் குறைஞ்சதும் விட்டுடு. அது மூச்சு விடட்டும்." பிரேக் காற்றின் அளவைக் காட்டும் முள்ளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே அப்படித்தான் இறங்கினேன்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் டோல்கேட் வரிசையில் நின்றபோது இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 டன் எடை 200 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி, டயர் உருள்வதற்கும் காற்றுக்கும் கழித்த பிறகும், நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். எஞ்சின் அதில் பங்கு வாங்காவிட்டால் முழுச் சூடும் பிரேக் டிரம்முக்குத்தான் போகும். டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும். லைனர் வழுக்கத் தொடங்கும். பெடல் அப்படியே இருக்கும், காற்றும் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. தொப்பூர் இரட்டைப் பாலத்துப் பக்கம் நடந்த விபத்துச் செய்திகளில் "பிரேக் பிடிக்காததால்" என்று ஒரு வரி வரும்போதெல்லாம், பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பது மேலே மூன்று கிலோமீட்டருக்கு முன்பே தீர்மானமாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கீழே இறங்கி ஓரம் கட்டியதும் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினார், தொடவில்லை. அடுப்பில் கல் காய்ந்துவிட்டதா என்று வீட்டில் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பின்னால் வலது பக்கம் மட்டும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அந்தச் சக்கரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கிறது, சேலத்தில் அட்ஜஸ்ட் பண்ண வேண்டும் என்றார். வெங்காய வாசத்தையும் மீறி லைனர் கருகிய வாசம் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று டீ குடிக்கும்போது கேட்டேன். "ஏனுங்கண்ணா, நியூட்ரல்ல விட்டிருந்தா டீசல் மிச்சமாகியிருக்காதுங்களா?"

"ஆகியிருக்கும். உன் கருமாதிக்கு உதவும்."

இப்படிச் சொன்னவர், கிருஷ்ணகிரி தாண்டி நீளமாகச் சரியும் ரோட்டில் தாராளமாக நியூட்ரலில் விடுவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணவாயில்தான் தப்பு, லேசான சரிவில் மிச்சம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கும் தப்பு. கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும் வரை டீசல் சுத்தமாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள டீசல் குடிக்கும். மிகமிக லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பது நிஜம்தான். ஆனால் குறுக்கே ஒரு டூவீலர் வந்தால் கையில் எஞ்சினும் இல்லை, கியரும் இல்லை. இறக்கத்தில் சாவியையே அணைத்துவிட்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பவர் ஸ்டியரிங் கல்லாகும், கம்ப்ரசர் நிற்கும், பிரேக்குக்குக் காற்று ஏறாது. அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

ஏற்றம் ஏறி வந்து நிறுத்தினால், உடனே அணைக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் ஸ்லோவில் விடுவது அண்ணனின் இன்னொரு சட்டம். கொதிக்கிற புகையில் சிவக்கக் காய்ந்திருக்கும் டர்போ, ஆயில் நின்ற பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே தங்கிய ஆயில் கருகித் தோசைக்கல்லில் ஒட்டிய கரி மாதிரிப் பிடிக்கும். இது இன்றைக்கும் அப்படியே. ஆனால் மூன்று நிமிஷம் என்றால் மூன்றுதான். டோல்கேட்டில் ஊர்ந்து, டவுனுக்குள் மெதுவாக வந்து நிறுத்திய வண்டிக்கு அதுவும் தேவையில்லை, வரும்போதே ஆறியிருக்கும்.

ரேடியேட்டர் விஷயத்தில் மட்டும் அண்ணன் சொன்னது எதையும் பின்பற்றாதீர்கள். கிணறு, வாய்க்கால், போர் என்று எந்தத் தண்ணீர் கிடைத்தாலும் ஊற்றுவார். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு, உள்ளே காரை கட்டி அடைக்கும். அது போக, சிலிண்டர் லைனர் ஒவ்வொரு வெடிப்புக்கும் அதிர்ந்து சுற்றியிருக்கும் தண்ணீரில் நுண்குமிழ்களை உண்டாக்கும். அவை உடையும் வேகத்தில் இரும்பே ஊசி குத்தின மாதிரிப் பொத்துப் போகும். கூலன்ட்டில் கலந்திருக்கும் மருந்து அதைத் தடுக்கத்தான். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதே என்பதை அவர் சொல்லித்தரவில்லை. என் வலது முன்கையில் இருக்கும் தழும்பு சொல்லித்தந்தது. மூடி இருக்கும் வரை அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர், திறந்த நொடியில் ஆவியாகப் பாய்கிறது. இப்போதெல்லாம் எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன்.

ஏப்ரல் 2020-இல் பிஎஸ்-6 வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்காகக் குறைந்தது, பிஎஸ்-4 காலத்தில் அது ஐம்பது. வண்டியில் டிபிஎஃப் என்கிற கரி பிடிக்கும் ஃபில்டரும், புகையின் நச்சு வாயுவைக் குறைக்கும் யூரியா டேங்கும் வந்தன. யூரியா என்றால் வயலுக்குப் போடுகிற யூரியா இல்லை. மிகச் சுத்தமான தண்ணீரில் 32.5 சதவீதம் கரைத்தது. உர மூட்டையை வாங்கிக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் காசு மிச்சம் பிடித்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். உப்புப் படிந்து மொத்த அமைப்பும் அடைத்துக்கொண்ட பிறகு அந்த மிச்சத்தைப் போல இருபது மடங்கு கொடுத்தார்கள். யூரியா டேங்கின் நீல மூடிக்குள் தவறி டீசலை ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பக் கூடாது.

நான் செய்த தப்பு வேறு. அண்ணன் பழக்கத்தில், குடோன் வரிசையில் மூன்று மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். இப்படிப் பல நாள். ஸ்லோவில் ஓடும் எஞ்சினின் புகைக்குச் சூடு போதாது, கரி எரியாமல் ஃபில்டரில் சேர்ந்துகொண்டே போகும். அதை எரிக்க வண்டியே அவ்வப்போது புகையை 600 டிகிரி பக்கம் சூடாக்கும். ரீஜென் என்கிறார்கள். அதற்கான விளக்கு டேஷ்போர்டில் எரிந்தபோதெல்லாம் இறக்குமிடம் வந்துவிட்டதே என்று பாதியில் அணைத்தேன். ஐந்தாவது, ஆறாவது தடவையோ என்னவோ, பெருந்துறை ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. மிதித்தால் நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. எஞ்சினில் கோளாறே இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவாகவே பலத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. பட்டறையில் லேப்டாப்பை மாட்டிக் கட்டாயமாக எரித்துக் கொடுத்தார்கள். பில்லை இங்கே சொல்லப் போவதில்லை.

அப்புறம் புத்தி வந்து, விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி அங்கேயே எரிக்கக் கற்றுக்கொண்டேன். அதிலும் ஒரு கூத்து. தை மாதம், தர்மபுரி பக்கம் ஒரு கிளை ரோடு. வண்டியை நிறுத்தி பட்டனை அழுத்தினேன். எஞ்சின் தானாக உறுமத் தொடங்கியது. கீழே இறங்கிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர் துண்டை வீசிக்கொண்டு ஓடி வந்தார்: "யோவ் டிரைவர், வண்டியை எடுய்யா!" ரோட்டோரம் மிதிபடுவதற்காகப் போட்டிருந்த கொள்ளுத் தாளின் மேல் சைலன்சரை வைத்து நிறுத்தியிருக்கிறேன். தாள் கறுத்துப் புகைய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் தாளும் வண்டியும் சேர்ந்து போயிருக்கும். இப்போது ரீஜென் போடுவதற்கு முன் சைலன்சருக்குக் கீழே குனிந்து தரையைப் பார்க்கிறேன். தரையைப் பார்ப்பது எப்படியோ திரும்பி வந்துவிட்டது.

கையைக் காவு வாங்கப் பார்த்தது என்றேனே, அது நாசில் பைப். பழைய வண்டியில் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தால், ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் ஸ்பேனரால் தளர்த்திப் பார்ப்பார் அண்ணன். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். டீசல் சொட்டும், துடைத்துக்கொள்வோம். புது வண்டி ஒரு நாள் அப்படி அடித்தது. கேபினைக் கவிழ்த்து, ஸ்பேனரை நட்டில் மாட்டிவிட்டேன். பக்கத்து வண்டிக்கு வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக் பையன் கத்திய கத்தலில் கை உறைந்துவிட்டது. பழைய பம்ப்பில் அந்தந்தச் சிலிண்டரின் முறைக்கு மட்டும் அழுத்தம் ஏறி இறங்கும். இதில் எல்லா நாசிலுக்கும் பொதுவான காமன் ரெயில் குழாயில் எந்நேரமும் அழுத்தம் நிற்கிறது, மிதித்தால் 1,600 பாருக்கு மேல். டயரில் நாம் அடிக்கிற காற்று 8 பார்கூட இல்லை. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின புள்ளி மட்டும்தான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்காது. உள்ளே சதை அழுகும். அப்படி ஆனால் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது, ஒரு அட்டையைக் காட்டிப் பார்க்கலாம். எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் அந்தப் பக்கமே போக வேண்டும்.

போன பொங்கலுக்கு வண்டியை அண்ணனிடம் காட்டக் கொண்டுபோனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். கண் கொஞ்சம் மங்கல். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைச் சுற்றி வந்து, "சத்தத்தையே காணோமே கண்ணு" என்றார். சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தார், கரி ஒட்டவில்லை. நீல மூடியைத் தட்டி இது என்ன என்றார், சொன்னேன். மூத்திரத்தை ஊத்தி ஓட்டற காலம் வந்துடுச்சா என்று சிரித்தார். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் பெருமையாகக் காட்டினேன்.

அணைத்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு முடித்து வந்து டிப் ஸ்டிக்கை உருவினார். துண்டில் துடைத்தார், விட்டு எடுத்தார். மேல் கோடு அவருக்குத் தெரிந்திருக்காது. நுனியை விரலில் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆயில்ல டீசல் வாசம் அடிக்குது. தண்ணியா வேற இருக்குது."

ரீஜென் நேரத்தில் புகையைச் சூடாக்க சிலிண்டருக்குள் கடைசியில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சுகிறது வண்டி. அதைப் பாதியில் அணைத்து அணைத்து எடுத்தால், எரியாத டீசல் சிலிண்டர் லைனர் சுவர் வழியாக வடிந்து ஆயிலில் போய்ச் சேரும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் குச்சியை வாங்கிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை நின்றது. காலையில் நான் கடைசியாக டிப் ஸ்டிக்கை எப்போது பார்த்தேன் என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இல்லை. மீட்டரில் விளக்கு வந்த பிறகு யார் குச்சியை உருவுகிறார்கள்.

மறுநாள் ஆயில் மாற்றினேன். வடித்து அளந்தபோது, ஊற்றியிருந்த அளவைவிட இரண்டு லிட்டர் கூடுதலாக வந்தது.